ஐந்தாம் சீட்டு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது. போன கடிதம் ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது, அதில் ஒரு பக்கம் உன் ரூம் ஜன்னலைப் பற்றி. உன்னைப் பற்றியும் இரண்டு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

பரணைச் சுத்தம் செய்தபோது நம் குதிரைப் பெட்டி கிடைத்தது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் ஒரு கப்பல் சமையல்காரர் கொடுத்துவிட்டுப் போனாரே, அதேதான். நடுவில் வேலி போட்ட பலகை, இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு ஈட்டியோடு எதிரெதிரே பாய்கிற இரண்டு குதிரை வீரர்கள், எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தலைக்கவசத்தின் இறகு உடைந்துபோன உன் மொட்டையும், நீ சாயம் பூசிக் கெடுத்த என் கோணமூக்கனும் ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டு கிடந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு யோசனை. தபாலிலேயே ஆடலாமா? ஒரு போட்டிக்கு ஐந்து ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சீட்டு. ஈட்டியின் குறி தலைக்கவசமா, கேடயமா, மார்பா. உட்காருவது நேராகவா, சாய்ந்தா, குனிந்தா. இந்த இரண்டையும் எழுதி, மடித்து, ஒட்டி, மேலே நம்பர் போட்டு, ஐந்தையும் எதிராளிக்கு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு சீட்டு. நீ அங்கே என்னுடையதைப் பிரி, நான் இங்கே உன்னுடையதைப் பிரிக்கிறேன். பெட்டியில் இருந்த அட்டவணையை நகல் எடுத்து, என் ஐந்து சீட்டோடு இத்துடன் வைத்திருக்கிறேன், அதில் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். ஈட்டி முறிந்தால் ஒரு புள்ளி, கவசம் கழன்றால் இரண்டு, ஆள் விழுந்தால் மூன்று. விழுந்தவனை மறுபடி ஏற்றி விடுவது நம் வீட்டுச் சட்டம்.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறது. ஆமாம், சின்ன வயதில் உன் சீட்டையெல்லாம் திருட்டுத்தனமாகப் பார்த்தவள்தான் நான். அதுவும் கடைசிச் சீட்டைத்தான் முதலில் பிரிப்பேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பாவிடம் போய் நிற்பாய். இந்தத் தடவை அப்படி இல்லை. பைண்டிங் வேலை செய்து சோறு தின்கிற இந்தக் கை மேல் சத்தியம், நாள் வராமல் ஒரு சீட்டையும் தொட மாட்டேன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் நடுவர்னு எழுதும்மா" என்கிறார். உன் கடிதம் வந்தால் முதலில் பிரிப்பவர் அவர்தான். சத்தமாகப் படித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வரும். அதனால் என்னைத் திட்டுவதானால் பார்த்துத் திட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் அன்பு. அப்பாவுக்கு என் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் ஐந்து சீட்டும் வந்து சேர்ந்தன. என் ஐந்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பிப்ரவரி நாலாம் தேதி முதல் ஓட்டம். உன் சத்தியத்தை நம்புகிற அளவுக்கு நான் இன்னும் முட்டாளாகவில்லை. நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாம் சீட்டு பிரிந்து கிடக்கும். பரவாயில்லை, உன்னை ஏமாற்ற விட்டு ஜெயிப்பதில்தான் பெருமை.

அப்பா முன்பு கேட்டதற்குப் பதில்: என் கிரேன் ஏணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. காலையில் ஒரு முறை ஏறினால் மத்தியானம்தான் இறங்குவேன். கேபினில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, காலுக்குக் கீழே கண்ணாடி. கீழே நின்று எனக்குச் சைகை காட்டுபவரை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். அவர் கையை மடக்கினால் நான் நிறுத்த வேண்டும், விரித்தால் இறக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஆள் ஒரு கட்டை விரல் உயரம். நம் மொட்டை அளவுதான்.

இங்கே போன் சூப்பர்வைசர் அறையில் ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து அவசரம் என்று வந்தால் மட்டும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், நாங்கள் வெளியே பேச முடியாது. அதனால் தபாலே கதி.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் நலம் வேண்டும்.

முதல் ஓட்டத்தில் உன் மொட்டை என் கேடயத்தில் ஈட்டியை முறித்தான். இரண்டாவதில் கோணமூக்கன் உன் கவசத்தைக் கழற்றி வீசினான். அப்பா சத்தம் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுத் தையல்காரர் மேலே ஓடி வந்துவிட்டார், யாருக்கோ என்னமோ என்று. அவரை உட்கார வைத்து அப்பா ஒரு மணி நேரம் விளையாட்டை விளக்கினார். பாவம், அவர் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு சீட்டிலும் 'நேராக' என்றே எழுதியிருக்கிறாய். நீ எப்போதும் சாய்ந்து தப்பிக்கிறவன் ஆயிற்றே? கேடயத்தைக் குறி வைத்து வரும்போது நேராக உட்கார்ந்தால் அடி முழுசாக விழும் என்று தெரியாதா? அப்பா, "கேபின்ல உக்காந்து உக்காந்து பையனுக்குத் தைரியம் வந்துடுச்சு" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்று. உன் கையெழுத்து வரிக்கு வரி கீழே சரிகிறது. கண் வலிக்கிறதா? தலைவலியா? அச்சகத்தில் நாள் முழுக்கத் தாளைப் பார்ப்பவள் நான், கோடு ஒரு நூல் விலகினாலும் எனக்கு உறுத்தும். மறைக்காமல் எழுது.

உன் சீட்டு மூன்று, நான்கு, ஐந்து என் மேஜை டிராயரில் பூட்டாமல் இருக்கின்றன. தொடவில்லை. நம்பினால் நம்பு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நலம். போட்டி முடிந்தது. ஆறுக்கு நாலு என்று நீ ஜெயித்தாய். நான் ஐந்து ஓட்டத்திலும் நேராக உட்கார்ந்ததை வைத்து ஜெயித்தாய் என்பதால் உன் வெற்றி செல்லாது.

அடுத்த போட்டிக்கு என் ஐந்து சீட்டு இத்துடன். மார்ச் பதினெட்டில் ஆரம்பித்தால் ஏப்ரல் பதினைந்தில் ஐந்தாவது முடியும். சீட்டெல்லாம் நன்றாக இருக்கின்றன. ஐந்தாவது ரொம்ப நன்றாக இருக்கிறது.

அப்பாவுக்குச் செய்தி: நாங்கள் கட்டுகிற மண்டபத்தின் கூரைக்குப் பெரிய இரும்பு உத்தரம் வந்து இறங்கியிருக்கிறது. பதினெட்டு டன். ஏப்ரல் பதினொன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தூக்குகிறோம். அதை நான்தான் தூக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். துறைமுகத்து ஆளின் மகன் என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

[மடித்து ஒட்டிய சீட்டு, மேலே 5 என்று எழுதியது]

அக்கா, இது விளையாட்டு இல்ல. நீ கடைசிச் சீட்டைத்தான் முதல்ல பிரிப்பேன்னு தெரியும், அதான் இதுல எழுதறேன். கடுதாசில எழுதினா அப்பா படிப்பார். பிரஸ்ஸுக்கு அனுப்பினா ஆர்டர்னு நெனச்சு உன் முதலாளி பிரிப்பார்.

மேல எனக்குத் தலை சுத்துது. ஜனவரியில ரெண்டு தடவை, போன மாசம் ஏழு தடவை. நேரா உக்காந்திருந்தா ஒண்ணும் இல்ல. கீழ பார்க்கறதுக்குச் சாய்ஞ்சா கண்ணாடி, விசில், தரை எல்லாம் ஒரே சுத்தா சுத்துது. எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னே தெரியல. ஒரு தடவை கைப்பிடியை மாத்தி இழுத்துட்டேன். கல்லு விசிலுக்கு ஒரு அடி தள்ளி இறங்குச்சு. காத்துன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அந்த உத்தரத்துக்குக் கீழ ஆறு பேர் நிப்பாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா லைசென்ஸ் போயிடும், அப்பாவுக்குத் தெரிஞ்சுடும். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. பதினொண்ணாந்தேதிக்கு முன்னாடி ஆபீசுக்கு போன் பண்ணி, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, உடனே வரணும்னு சொல்லு. லீவு குடுத்துடுவாங்க, வேற ஆள் தூக்குவான். வந்து டாக்டரைப் பார்த்துக்கறேன். அப்பாகிட்ட சொல்லாத. ஆபீஸ் நம்பர் பின்பக்கம் இருக்கு.


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. நான் வேலை முடிந்து வருவதற்குள் அப்பா அதைத் தையல்காரருக்கும், எதிர் வீட்டு நர்ஸுக்கும், டீக்கடைக்காரருக்கும் படித்துக் காட்டிவிட்டார். பதினெட்டு டன் என்பதை அவர் சொல்லும்போது ஏதோ அவரே தோளில் தூக்கப்போவது போல இருக்கிறது.

உன் சீட்டுகளை வாங்கி டிராயரில் வைத்துவிட்டேன். 'ஐந்தாவது ரொம்ப நன்றாக இருக்கிறது' என்று எழுதி என் வாயில் தண்ணீர் ஊற வைக்கிறாய், போக்கிரி. நான் விழ மாட்டேன். ஒரு போட்டி முழுக்க யோக்கியமாக ஆடியவளுக்கு இன்னொரு போட்டி ஒன்றும் கஷ்டமில்லை. யோக்கியமாக ஜெயிப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே திருந்தியிருப்பேன்.

என் சீட்டு ஐந்தும் இத்துடன். நான் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? கண்ணா, தலைவலியா என்று கேட்டேன். உத்தரத்தைப் பற்றி எட்டு வரி எழுதுகிறவனுக்கு இதற்கு அரை வரி எழுத வரவில்லையா? எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

உடனே பதில் போடு.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நலம். அப்பா நலமா? அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? அவருக்கு ஏதாவது என்றால் தயங்காமல் ஆபீசுக்கு போன் செய்.

தினமும் சாயங்காலம் ஆபீஸ் வழியாகத்தான் ரூமுக்குப் போகிறேன். கிளார்க் என்னைப் பார்த்ததும், "உனக்கு ஒண்ணும் வரலப்பா" என்று அவரே சொல்லிவிடுகிறார்.

சீட்டுகளைப் பார்த்துவிட்டாயா? பார்த்திருந்தால் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை எழுதிவிடு. சத்தியமாகக் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஐந்தாவதைப் பார்த்தும் நீ சும்மா இருந்தால்தான் எனக்குக் கஷ்டம். உனக்கு அது பிடிக்கவில்லை என்றால் அதையாவது சொல்.

உன் முதல் சீட்டைப் பதினெட்டாம் தேதி பிரிக்கவில்லை, தபால் மறுநாள்தான் வந்தது. பிறகு பிரித்தேன். என்ன முடிவு என்று பார்க்கத் தோன்றவில்லை.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வெயில் என்கிறார். வேறொன்றும் இல்லை, நீ கவலைப்படாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். நான் இன்னும் உனக்குத் திருடிதானா? பார்த்துவிட்டாயா, பார்த்துவிட்டாயா என்று எத்தனை தடவை கேட்கிறாய்! பார்க்கவில்லை. சத்தியம் செய்து கொடுத்த பிறகும் ஒரு மனுஷியை நம்ப முடியாது என்றால் நான் வேறு என்னதான் செய்வது? இரண்டு ஞாயிறு வந்தது, இரண்டு சீட்டைப் பிரித்தேன். மூன்று, நான்கு, ஐந்து டிராயரில் நீ ஒட்டியபடியே இருக்கின்றன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை அப்பா படித்து முடித்ததும் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. 'நீ சும்மா இருந்தால்தான் எனக்குக் கஷ்டம்' என்றால் என்ன அர்த்தம்? டிராயரைத் திறந்து ஐந்தாம் சீட்டைக் கையில் எடுத்தேன். அப்பாதான் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. விளையாட்டுன்னா விளையாட்டு. பதினஞ்சாந்தேதிதானே, அதுவரைக்கும் பொறு" என்றார். சரிதான் என்று வைத்துவிட்டேன். சின்ன வயதில் ஒருநாள்கூட அவர் இப்படிக் கண்டித்ததில்லை.

உனக்கு அங்கே என்னடா நடக்கிறது? யாராவது ஏதாவது சொன்னார்களா? தெளிவாக எழுது. என் பொறுமையைச் சோதிக்காதே.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

நான் முட்டாள். நீ ஏமாற்றுவாய் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். பிறந்ததிலிருந்து ஏமாற்றியவள், இந்த ஒரு தடவை ஏன் திருந்தினாய்?

இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த நிமிஷம் ஐந்தாம் சீட்டைப் பிரி. தேதி பார்க்காதே. அப்பா தடுத்தாலும் பிரி. தயவுசெய்து ஏமாற்று.

அப்பா, நீங்கள் இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கால்களில் விழுந்து கேட்கிறேன், அவளைப் பிரிக்க விடுங்கள்.

தபால் ஐந்தாறு நாள் எடுக்கிறது. பத்தாம் தேதியாவது வந்து சேர வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 11, மத்தியானம் 1.40

தம்பி,

ஸ்டேஷனரிக் கடைக்காரரின் போனுக்குப் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, உங்கள் ஆபீசில் ஒருத்தரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். எல்லோரும் உத்தரத்தைப் பார்க்கப் போய்விட்டார்களா? யாராவது எடுங்களேன்!

சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். உன் கடிதம் மேஜையில் பிரித்தபடி கிடந்தது, அப்பாவைக் காணோம். படித்தேன். சீட்டைப் பிரித்தேன். படித்தேன். எப்படி இங்கே வந்தேன் என்று கேட்காதே.

ஏழு தடவை! ஏழு தடவை தலை சுற்றியவன் எனக்கு உத்தரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். நானும் டிராயரில் உன் உயிரை வைத்துக்கொண்டு யோக்கியதையைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சீட்டில் இரண்டு பசை இருக்கிறது. ஓரத்தில் காய்ந்து மஞ்சளாகப் போனது உன் கோந்து. அதன் மேலே வெள்ளையாக இன்னொன்று. அது என் பைண்டிங் பசை, வீட்டில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். நான் ஒட்டவில்லை. பதினெட்டு வருஷமாகப் பசையில் கை வைத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

கடைக்காரரிடம் நம்பரைக் காட்டினேன். பார்த்ததும், "இந்த நம்பரா? உங்கப்பா காலையிலிருந்து மூணு தடவை வந்துட்டார்மா. நம்பரைச் சுத்துவார், மணி அடிக்கறதுக்குள்ள வெச்சிடுவார்" என்றார். "அதோ பாருங்க" என்று கையைக் காட்டினார். எதிரே பஸ் நிற்கிற இடத்துப் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ் வருகிறது, போகிறது, அவர் எழுந்திருக்கவில்லை. போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்க இப்போது நேரமும் இல்லை.

மணி இரண்டு பத்து. மறுபடி சுற்றுகிறேன். ஏறாதேடா. அப்பா என்ன நினைத்தால் என்ன, ஊர் என்ன நினைத்தால் என்ன, ஏறாதே.

மணி இரண்டே முக்கால். எடுக்கவில்லை.


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு, முழுசாக இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உனக்கும் அப்பாவுக்கும் எப்படி இருக்கிறது?

பதினொன்றாம் தேதி இரண்டு மணிக்கு ஏற ஆரம்பித்தேன். நேராகப் பார்த்துக்கொண்டு ஏறினால் சமாளித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூற்று முப்பதாவது படியில் மூச்சு வாங்க நின்றேன். கீழே ஆறு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். விசில் என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். பதிலுக்குக் கை ஆட்ட ஏணியிலிருந்து என் ஒரு கையை எடுக்க முடியவில்லை, அக்கா. கை வரவே இல்லை. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு காலை மேலே வைக்காமல் கீழே வைத்தேன்.

இறங்குவதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான். தரையில் கால் பட்டதும் விசிலிடம்தான் சொன்னேன், "எனக்குத் தலை சுத்துது. மூணு மாசமா சுத்துது. நான் தூக்க மாட்டேன்." அவர் திரும்பி ஒரு நீள விசில் அடித்து ஆறு பேரையும் வெளியே போகச் சொன்னார். சூப்பர்வைசர் கத்தினார். "மூணு மாசமாவா? மூணு மாசமா இவங்க தலைக்கு மேல கல்லைத் தூக்கிட்டு இருந்தியாடா?" அவர் கேட்டது நியாயம்தான்.

ஆபீசுக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. போய் எடுக்கலாம் என்று நடந்தேன், மறுபடி தலை சுற்றியது. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மணி நின்றுவிட்டது. அது நீதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் வேறு ஆள் வந்து உத்தரத்தை ஏற்றினார். என் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டாக்டர் காதுக்குள் ஏதோ கோளாறு, மருந்தில் சரியாகலாம் என்றார். மறுபடி மேலே ஏறலாமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். இருபத்தாறாம் தேதி கணக்கு முடித்துக்கொண்டு வருகிறேன்.

அப்பா, இதை நீங்கள்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். நிறுத்தாமல் படியுங்கள். உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லச் சொல்லி அக்காவுக்கு எழுதினேன். அதற்கும் மன்னித்துவிடுங்கள். ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள் என்று தெரியும். அவர்களிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள். நான் வந்து உங்கள் முகத்தைப் பார்க்கலாமா என்று மட்டும் எழுதுங்கள்.

தம்பி


ஏப்ரல் 19

மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். உன் காது எப்படி இருக்கிறது? மருந்தை விடாமல் சாப்பிடு.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை. உன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் உனக்குப் பதினொன்றாம் தேதி எழுதிய கடிதம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். என்றாலும் நானே சொல்ல வேண்டும்.

சீட்டைப் பிரித்தது நான். மார்ச் பன்னிரண்டாம் தேதி, அவள் வேலையிலிருந்து வருவதற்குள். கடைசிச் சீட்டை முதலில் பார்க்கிற புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? நீ ஜெயிப்பாயா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். படித்த பிறகு அவள் பசையை எடுத்து ஒட்டி வைத்தேன்.

எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்லியிருந்தாய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, முதல் வருஷம் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். இருபத்தெட்டு வருஷம் கிரேனில் உட்கார்ந்தவனுக்குப் பயம் எது, தலைசுற்றல் எது என்று தெரியும். நான் அன்று மத்தியானமே தெருவெல்லாம் சொல்லிவிட்டேன், பதினெட்டு டன் என்று. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்றுதான் யோசித்தேன். உன்னைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அவள் பிரிக்கப் போனபோதும் கையைப் பிடித்தேன்.

பதினொன்றாம் தேதி மூன்று தடவை போன் வரைக்கும் போனேன். நம்பரைச் சுற்றியதும் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்ற மூன்று வார்த்தைதான். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணி அடித்தபோது நான் அங்கேதான் இருந்தேன். சாயங்காலம்தான் உங்கள் கிளார்க் போனை எடுத்து நீ இறங்கிவிட்டாய் என்று உன் அக்காவிடம் சொன்னார். நடுவில் இருந்த மூன்று மணி நேரத்தில் என் மகன் ஏறிவிட்டான், விழுந்துவிட்டான் என்று எத்தனை தடவை நினைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம்.

நீ என் முகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதை நான்தான் உன்னிடம் கேட்க வேண்டும். தையல்காரரிடமும் நர்ஸிடமும் டீக்கடையிலும் போய், என் மகன் தூக்க மாட்டேன் என்று இறங்கிவிட்டான், ஆறு பேர் பிழைத்தார்கள், நான் ஒரு போன் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் டீயைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருபத்தாறாம் தேதி எந்த வண்டி என்று அக்காவுக்கு எழுது. நம் வீடு மூன்றாவது மாடி, படி குறுகல். நான் கீழே வந்து நிற்பேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீ முன்னால் ஏறு, நான் உனக்குப் பின்னால் வருகிறேன்.

அப்பா